உஷார்! கேபின் ஜன்னலைத் திறந்துவைத்துப் படகை எடுக்காதீர்கள்

அந்தமானில் திக்லிபூர் பக்கம் படகு வைத்திருப்பவர்களும், விடுமுறைக்கு அங்கே போகத் திட்டமிட்டிருப்பவர்களும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு இதை முதலில் படித்துவிடுங்கள். கேபின் வைத்த சிறிய படகுகளின் பக்கவாட்டுச் சுவரில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ கண்ணாடி ஜன்னல்கள் இருக்கும். போர்ட்ஹோல் என்பார்கள். உள்ளே புழுங்குகிறது என்று அவற்றைத் திறந்து வைத்தபடியே கடலுக்குள் ஓட்டிப்போகும் பழக்கம் இருக்கிறதே, அது உயிரைக் குடிக்கும் பழக்கம்.

புழுக்கம் பொய்யில்லை. அந்தமானில் துவைத்துப் போட்ட சட்டை இரண்டு நாளானாலும் காயாமல் நாறும். கேபினுக்குக் கீழே என்ஜின், மேலே வெயிலில் கொதிக்கும் ஃபைபர் கூரை, நடுவில் டீசல் வாடையோடு மனிதர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்தாலே தலை கிறுகிறுக்கும். கை தானாக ஜன்னல் திருகுக்குப் போகும். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது போகட்டும். கயிற்றை அவிழ்த்த பிறகு போகக் கூடாது.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. படகின் அகலம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலின் கீழ் விளிம்பு தண்ணீர் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகு ஒரு பக்கமாக 15 பாகை சாய்ந்தால் போதும், அந்த விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். 15 பாகை என்பது புயலில் மட்டும் வரும் சாய்வு இல்லை. பக்கத்தில் பெரிய கப்பல் ஒன்று கடந்து போனால் எழும்பும் அலையில் வரும். வேகமாக வளைத்துத் திருப்பினால் வரும். "அதோ டால்பின்!" என்று யாரோ கத்த, பத்துப் பேர் கேமராவோடு ஒரே பக்கம் ஓடினால் கட்டாயம் வரும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதாகத்தான் அன்று செய்திகள் வந்தன. அங்கே பிரச்சினை ஜன்னல் இல்லை. ஆனால் அலையே இல்லாத ஏரியில் ஆட்களின் எடையே படகைச் சாய்த்துவிடும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

சாய்ந்தால் நிமிர்ந்துகொள்ளும் என்பதுதான் படகோட்டிகளின் நம்பிக்கை. நல்ல படகு நிமிரும்தான், அந்தச் சில விநாடிகளில் தண்ணீர் உள்ளே போகாமல் இருந்தால். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஜன்னல், சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியது, தண்ணீருக்குள் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்தால் விநாடிக்குச் சுமார் 45 லிட்டர் உள்ளே பாயும். மூன்று குடம் தண்ணீர், ஒவ்வொரு விநாடியும். ஒரு நிமிடம் அப்படியே நின்றால் இரண்டரை டன்னுக்கு மேல். சின்னப் படகுகளில் தண்ணீர் இறைக்க வைத்திருக்கும் மின்சாரப் பம்பின் மேல் 'மணிக்கு 1000 கேலன்' என்று பெருமையாக எழுதியிருக்கும். அதை லிட்டராக மாற்றிப் பாருங்கள்: விநாடிக்கு ஒரே ஒரு லிட்டர். அதுவும் பேட்டரி முழுசாக, குழாய் அடைக்காமல் இருந்தால்.

உள்ளே வந்த தண்ணீர் சும்மாவும் இருக்காது. படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேரும். அரை டன் தண்ணீர் ஒரு மூலையில் குவிந்தால் சாய்வு இன்னும் கூடும், ஜன்னல் இன்னும் ஆழத்துக்குப் போகும், பாய்ச்சல் இன்னும் வேகமாகும். ஓட்டுபவர் மேலே வீலைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஸ்டியரிங் கனக்குது?" என்று யோசிக்கும்போது கீழே காரியம் முடிந்திருக்கும். ஜன்னல் கேபினுக்குள் இருப்பதால் அவர் கண்ணில் படாது என்பதுதான் இதில் மிக மோசமான விஷயம்.

பெரிய கப்பல்களே இதற்குப் பலியாகியிருக்கின்றன. 1914 மே 29, பின்னிரவு இரண்டு மணி வாக்கில், கனடாவின் செயின்ட் லாரன்ஸ் நதியில் மூடுபனி. 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' என்ற பயணிகள் கப்பலின் வலப்பக்கத்தில் 'ஸ்டோர்ஸ்டாட்' என்ற நார்வே நாட்டு நிலக்கரிக் கப்பல் மோதியது. வெறும் 14 நிமிடத்தில் எம்ப்ரஸ் மூழ்கிப்போனது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். மோதலில் விழுந்த பிளவு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கீழ்த்தளக் கேபின்களில் காற்றுப் போதவில்லை என்று பயணிகள் போர்ட்ஹோல்களைத் திறந்துவிட்டுத் தூங்கியிருந்தார்கள். அவற்றில் சில நீர்மட்டத்துக்குச் சில அடி மேலேதான் இருந்தன. கப்பல் வலப்பக்கம் சாய்ந்ததும் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு மடையானது. அந்தப் பக்கம் தூங்கியவர்களில் பலர் எழுந்து வெளியே வரக்கூட நேரமில்லை.

இரண்டு வருடம் கழித்து அதே கதை. டைட்டானிக்கின் தங்கைக் கப்பல் 'பிரிட்டானிக்'. அக்காவுக்கு நேர்ந்ததைப் பார்த்துவிட்டுத் தடுப்புச் சுவர்களை உயர்த்தி, அடிப்பகுதியைப் பலப்படுத்திக் கட்டிய கப்பல். முதல் உலகப்போரில் மருத்துவமனைக் கப்பலாக ஓடியது. 1916 நவம்பர் 21 காலை, கிரேக்கத்தின் கீயா தீவருகே கண்ணிவெடியில் சிக்கியது. காயம்பட்ட வீரர்களை ஏற்றப் போகிறோமே, வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று போர்ட்ஹோல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். போர்க்கடலில் திறக்கக் கூடாது என்ற உத்தரவையும் மீறி. உயர்த்திக் கட்டிய சுவர்கள் தடுத்திருக்க வேண்டிய தண்ணீர் ஜன்னல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. டைட்டானிக் மூழ்க இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. அதைவிடப் பாதுகாப்பாகக் கட்டப்பட்ட பிரிட்டானிக் 55 நிமிடத்தில் போனது. அதிலிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் 30 பேர் மட்டுமே இறந்தார்கள் என்றால், பகல் வெளிச்சமும் கரை பக்கத்தில் இருந்ததும் காரணம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை பாருங்கள். நோயாளிக்கு நல்ல காற்று வேண்டும் என்ற அக்கறை.

இன்றைக்குச் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி பெரிய பயணிகள் கப்பல்களின் கீழ்த்தள ஜன்னல்கள் திறக்கவே முடியாதபடி அமைக்கப்படுகின்றன, அல்லது துறைமுகத்தை விடும் முன்பே பூட்டப்படுகின்றன. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்கு (2024 வரை போர்ட் பிளேர்) கப்பலில் பங்க் வகுப்பில் போனவர்களுக்கு அந்த மூச்சுமுட்டல் தெரியும். இரண்டரை மூன்று நாள் திட்டிக்கொண்டே போவார்கள். திட்டுங்கள், ஆனால் காரணம் இதுதான். நம் சின்னப் படகில் பூட்டுப்போட யாரும் வரப்போவதில்லை. நாமாகத்தான் மூட வேண்டும்.

திக்லிபூர் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கு அந்தமானின் கடைக்கோடி ஊர், தலைநகரிலிருந்து சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். அங்கே கடலுக்கு வாசல் ஏரியல் பே ஜெட்டி. மீன்படகு, அரசுப் படகு, சுற்றுலாப் படகு எல்லாம் அங்கேதான். எதிரே ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவுகள், நடுவில் தண்ணீர் வற்றும்போது வெளிப்படும் மணல்திட்டு. படம் எடுக்கப் போகாதவர்கள் குறைவு. அந்தக் குறுகிய ஓட்டத்துக்குப் பெரும்பாலும் திறந்த ஃபைபர் படகுகள்தான், அவற்றில் கேபினே கிடையாது, ஆகவே இந்த எச்சரிக்கை நேராக அவர்களுக்கு இல்லை. கேபின் வைத்த மீன்பிடிப் படகுகள், ஆழ்கடலில் முங்குவதற்கும் தூண்டில் போடுவதற்கும் ஆட்களை ஏற்றிப்போகும் படகுகள், தனியார் வைத்திருக்கும் படகுகள், இவர்களுக்குத்தான்.

ஊர் கிழக்குக் கரையில் இருக்கிறது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, தீவே ஒரு மறைப்பு. 732 மீட்டர் உயரமுள்ள சேடில் பீக் ஊருக்குத் தெற்கே நிற்கிறது, அந்தமான் தீவுகளிலேயே உயரமான மலை. வடகிழக்கு வாடைக் காற்று திரும்பிவிட்டால் கிழக்குக் கரைக்கு அந்த மறைப்பு இல்லை. சுற்றுலாக்காரர்கள் குவியும் நவம்பரும் டிசம்பரும் வாடைக் காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகும் காலமும் அதுவே. 2013 நவம்பர் 25 அன்று 'லெஹர்' புயல் போர்ட் பிளேர் அருகேதான் தீவுகளைக் கடந்தது. புயல் என்றால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள், ஜெட்டியே மூடப்படும். நான் பயப்படுவது அதற்கு அல்ல. நல்ல வெயிலில் கிளம்பி, அரை மணியில் ஒரு கருமேகம் வந்து, பதினைந்து நிமிடம் அடித்துவிட்டுப் போகும் காற்று மழைக்கு. அதற்கு யாரும் ஜெட்டியை மூடுவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தில் டெக்கில் இருப்பவர்கள் கேபினுக்குள் ஓடுவார்கள். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினைந்து பேர். மூச்சு முட்டும். ஜன்னலைத் திறப்பார்கள். படகு மிக மோசமாக ஆடும் நேரத்தில் ஜன்னல் திறக்கும்!

இன்னொன்றையும் கவனியுங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இந்திய நேரப்படி கடிகாரம் ஓடினாலும் தீவுகள் நமக்குக் கிழக்கே அல்லவா இருக்கின்றன. திரும்பி வரும்போது கேபின் இருட்டு. எந்த ஜன்னல் மூடியிருக்கிறது, எது சாத்தி மட்டும் இருக்கிறது என்று தெரியாது.

சாத்துவது வேறு, இறுக்குவது வேறு. பழைய படகில் ஒரு ஜன்னலைக் கிட்டே போய்ப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். புதிதில் விரலால் அழுத்தினால் அமுங்கி எழும். அந்தமான் வெயிலும் உப்பும் சில வருடம் பட்டால் அது காய்ந்து, வெடித்து, நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். இறுக்கும் விங் நட்டு இரண்டில் ஒன்று துருப்பிடித்துத் திரும்பாது. மற்றதைக் கடலில் தொலைத்துவிட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். திறந்தே நிற்பதற்காக ஒரு தண்ணீர் பாட்டில் மூடியையோ மடித்த துணியையோ இடுக்கில் சொருகியிருப்பார்கள். அந்தத் துணியோடேயே ஜன்னலைச் சாத்தி, "மூடியாச்சு" என்பார்கள். தண்ணீருக்கு அது மூடின கணக்கில் வராது.

சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். சட்டத்தின் விளிம்பில், கேஸ்கெட் வந்து அழுத்தும் இடம் முழுக்கச் சாக்பீஸைத் தேயுங்கள். ஜன்னலை மூடி இறுக்குங்கள். திறந்து ரப்பரைப் பாருங்கள். வெள்ளைக் கோடு முழு வட்டமாகப் பதிந்திருந்தால் சரி. எங்கே கோடு அறுந்திருக்கிறதோ அங்கே தண்ணீர் வரும். அப்புறம் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி, உள்ளே ஒருவர் நின்று பாருங்கள். கேஸ்கெட் மாற்றுவது பெரிய செலவில்லை. நட்டுக்குக் கொஞ்சம் கிரீஸ். சில ஜன்னல்களுக்கு உள்பக்கம் ஒரு உலோக மூடியும் வரும், கண்ணாடி உடைந்தால் காப்பதற்கு. அதைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டவர்கள் திரும்ப எடுத்து மாட்டுங்கள்.

கட்டிக் கிடக்கும் படகில் திறக்கலாம் என்றேன். அதற்கும் ஒரு வார்த்தை. அந்தமானில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். வற்றத்தில் ஜெட்டியோடு ஒட்டிக் கட்டிய படகின் விளிம்பு, தண்ணீர் ஏறும்போது ஜெட்டியின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டால் படகு எழும்பாது, சாயும். உள்ளே ஆள் தூங்குகிறார், ஜன்னல் திறந்திருக்கிறது. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரத்தில் ராத்தங்கலாக இருந்தால் காற்று வராத பக்க ஜன்னலை மட்டும், அதுவும் ஒருவர் விழித்திருந்தால் மட்டும் திறங்கள். கொசுவலை இல்லாமல் அதையும் திறக்காதீர்கள். மலேரியா இன்னும் இருக்கும் தீவுகள் அவை.

சரி, மூடிவிட்டு உள்ளே வெந்து சாக வேண்டுமா? வேண்டாம். காற்றைப் பக்கத்திலிருந்து வாங்காதீர்கள், மேலிருந்து வாங்குங்கள். கேபின் கூரையில் காளான் வடிவத்தில் ஒரு காற்றுக்குழாய் மூடி வைக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும் பெட்டி வைத்த குழாய்களும் உண்டு, பாய்மரப் படகுக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள். சூரிய ஒளியில் ஓடும் சின்ன விசிறி ஒன்றைக் கூரையில் பொருத்தினால் சூடான காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளும். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, மேலே ஒரு தார்ப்பாய் கட்டினாலே சூடு நன்றாகக் குறையும். இதில் எதுவும் பெரிய செலவில்லை, ஒரு புது என்ஜினின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மூடிய கேபினில் வேறொரு எமன் இருக்கிறான், அவனையும் சொல்லாவிட்டால் தப்பு. பெட்ரோல் ஜெனரேட்டர், என்ஜின் புகை, உள்ளேயே வைத்த அடுப்பு, இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரும், கடல் மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். "அதற்காகத்தான் ஜன்னலைத் திறக்கிறோம்" என்று உடனே சொல்வீர்கள். ஓடும் படகின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, புகை சுழன்று முன்னோக்கி வரும். பின்பக்க ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் அது நேராகக் கேபினுக்குள்தான் நுழையும். சமையல் கேஸ் இன்னும் மோசம். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். உயரத்தில் இருக்கும் ஜன்னல் அதைத் துளியும் வெளியேற்றாது. நீங்கள் தைரியமாகத் தீக்குச்சி உரசுவீர்கள். ஆகவே ஓடும்போது கேபினுக்குள் அடுப்பும் வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கடையில் கிடைக்கிறது. வாங்கி மாட்டுங்கள்.

இனி, பயணிகளுக்கு ஒரு வார்த்தை. 2014 ஜனவரி 26 அன்று 'அக்வா மரைன்' படகு போர்ட் பிளேர் அருகே மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்துக்காரர்கள். அந்தப் படகு போய்வந்த, 2018 வரை ராஸ் எனப்பட்ட தீவு தலைநகருக்கு எதிரே இருப்பது. திக்லிபூர் ராஸ் வேறு. பெயர் ஒன்றாக இருந்ததால் பலர் குழம்புகிறார்கள். அங்கே நடந்தது அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் வந்த வினை, ஜன்னல் அல்ல. ஆனால் ஆள் அதிகமானால் படகு தாழும், படகு தாழ்ந்தால் ஜன்னல் தண்ணீருக்கு நெருங்கும். மேலே சொன்ன 40 சென்டிமீட்டர் இருபதானால், 15 பாகைக்குப் பதில் ஏழெட்டுப் பாகையிலேயே கடல் உள்ளே எட்டிப் பார்த்துவிடும்.

ஏறியதும் கேபினுக்குள் போய் ஒடுங்காதீர்கள். குழந்தைகளை உள்ளே படுக்கவைத்துவிட்டு நீங்கள் வெளியே செல்ஃபி எடுக்காதீர்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த படகில் இறந்த 22 பேரில் பலர் உள்ளே சிக்கியவர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு கேபினுக்குள் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. படகு கவிழ்ந்தால் ஜாக்கெட் உங்களை மேல்நோக்கித் தள்ளும், வெளியேறும் கதவு கீழே இருக்கும், முங்கிப் போக விடாது. டெக்கில் உட்காருங்கள், அங்கே கட்டிக்கொள்ளுங்கள். மழை அடித்தால் நனையுங்கள். கேபின் கதவை எக்காரணம் கொண்டும் தாழ் போட விடாதீர்கள்.

கிளம்புமுன் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் வானிலைத் துறையும் வெளியிடும் அலை, காற்று எச்சரிக்கையைச் செல்போனில் பாருங்கள். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554 கட்டணமில்லா எண், வயர்லெஸ் இருந்தால் சேனல் 16. அவர்களின் மாவட்டத் தலைமையகம் ஒன்று திக்லிபூரிலேயே இருக்கிறது.

கயிறு அவிழ்க்கும் முன் ஓட்டுபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கீழே ஜன்னல் எல்லாம் இறுக்கியாச்சா?" போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னால் உட்காருங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தால், கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.